ஜித்தாவில் ஹவ்வா உம்மா, பதுளையில் நான்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் சாப்பாட்டுக் கடை இருந்த காலத்தில், மொனராகலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் முகம் கழுவுவதற்கு முந்தி என் கடைக்குத்தான் வருவான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதானால் இன்னும் நிறைய இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அறுபதுகளின் நடுவில் தள்ளுவண்டியில் அவித்த கடலை விற்றேன். வண்டி பெட்டிக்கடையாச்சு, பெட்டிக்கடை எட்டு மேசை போட்ட கடையாச்சு. எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. தனி ஆளாக நின்று கட்டினேன்.

இப்படித்தான் எல்லாரிடமும் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

கடையில் ரொட்டி நல்லது, இறைச்சிக் கறி நல்லது. ஆனால் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தது சம்பலுக்கு. மாசிக் கருவாடும் வெங்காயமும் போட்டுச் சின்ன நெருப்பில் கிடந்து கிடந்து கறுத்து வருகிற சம்பல். அதை என் பெண்சாதி வீட்டில் செய்து விடியற்காலையில் ஒரு பானையில் கொடுத்து அனுப்புவாள். சாப்பிட்டவன் "சம்பல் என்னா மாதிரி முதலாளி!" என்றால், நான் தோளை நிமிர்த்தி, "கை அப்படி" என்பேன். எந்தக் கை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்கு ஒரு பொம்பிளை வந்தாள். அரபு நாட்டு வீடுகளுக்கு வேலைக்கு ஆள் சேர்க்கிறவள். என் பெண்சாதி அவளோடு மூன்று நாள் பேசிவிட்டு நான்காவது நாள் என்னிடம் வந்தாள்.

"மகளுக்குப் பதினாலு முடிஞ்சிச்சு. நாளைக்கு ஒருத்தன் வந்தா இந்த ஒரு அறை வீட்டுலயா வச்சிக் கொடுக்கிறது? நான் ரெண்டு வருஷம் போயிட்டு வாறேன்."

எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். அது எனக்குத் தெரியாததல்ல. கடையை இன்னும் பெரிசாக்க வேண்டும், வீடு பிறகு என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான். அவள் சொன்னது சரி என்று பட்டதாலேயே எனக்குக் கோபம் வந்தது.

"எந்த ஊர்?"

"ஜித்தா."

"போறதுன்னா போ," என்றேன். "இந்தக் கடைய ஒன்ட தயவுல நான் கட்டல்ல. நீ இல்லாமலும் நடத்துவேன்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். சம்பல் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் போய்விட்டாள். மகளை அடுத்த வீட்டில் இருந்த என் தாத்தா, அதாவது என் மூத்த சகோதரி, பார்த்துக்கொண்டாள்.

பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பியவன் என்று பஜாரில் ஒரு பேச்சு வரத்தான் செய்தது. அதை அடக்க எனக்கு ஒரு கதை கிடைத்தது. சின்னதில் ஓதப் போன இடத்தில் கேட்ட கதைதான். ஆதம் நபியும் ஹவ்வா உம்மாவும் சொர்க்கத்திலிருந்து இறக்கப்பட்டபோது ஆளுக்கொரு திசையில் விழுந்தார்களாம். ஆதம் நபி நம்முடைய சரந்தீப்பில், இந்த இலங்கையில், பாவா ஆதம் மலையில். ஹவ்வா உம்மா ஜித்தாவில். யாராவது வாயைத் திறந்தால் நான் முந்திக்கொள்வேன்.

"என்னத்தக் கேக்கிறீங்க? உலகத்துல முதல் புருஷன் பெண்சாதியே இப்பிடித்தானே இருந்தாங்க! ஆதம் பாவா இங்க, ஹவ்வா உம்மா ஜித்தாவுல. நாங்களும் அப்பிடித்தான்."

கடை சிரிக்கும். எனக்கும் நிமிர்ந்து நடக்க முடிந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற மோதினார் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் தினம் அஸர் தொழுகைக்கு முந்தி வந்து ஒரு பிளேன்டீ குடிப்பார், கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு. ஒருநாள் சொன்னார்: "அவங்க பிரிஞ்சது சோகம்டா தம்பி. நீ அத மாலையாக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியிறே."

அவரையும் சிரித்துக் கடத்திவிட்டேன்.

அவள் முதலில் அனுப்பிய சாமான் ஒரு ரேடியோ. இரண்டு ஸ்பீக்கர், கேசட் போடலாம், நாம் பேசுவதையும் பதிவு பிடிக்கலாம். எழுதப் படிக்க அவளுக்கும் சரியாக வராது, எனக்கும் வராது. அதனால் கேசட்டில் பேசி, போகிற வருகிற ஆட்களிடம் கொடுத்து அனுப்புவோம். அந்த ரேடியோவை நான் வீட்டில் வைக்கவில்லை. கடையில், காசு மேசைக்குப் பக்கத்தில், வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தேன். அவளுக்குப் பேசுவதும் அங்கேயே. பின்நேரம் கூட்டம் குறைந்த பிறகு பொத்தானை அழுத்துவேன். எட்டு மேசையும் காது கொடுக்கும்.

"கடை ரொம்ப நல்லா நடக்குது. புதுக் கண்ணாடி அலுமாரி போட்டிருக்கேன். நீ இல்லன்னு ஒரு குறையும் இல்ல. ஒண்ணுக்கும் யோசிக்காத." இதுதான் ஒவ்வொரு தரமும். பிறகு சாப்பிட வந்தவர்களும் ஆளுக்கொரு சலாம் சொல்வார்கள். கடைசியில், கடையில் ரொட்டி வீசுகிற ரொட்டி பாஸ் ரொட்டித் தகட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "அம்மா, நான்தாங்க பேசுறேன்," என்பார்.

ரொட்டி பாஸ் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து ஆள், கிறிஸ்தவ வேதக்காரர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். மாவை வீசினால் கைலேஞ்சித் துணி மாதிரி மெல்லிசாக வரும். அவருடைய வாயும் அப்படித்தான், எங்கே விழும் என்று தெரியாது.

உண்மையில் கடை நல்லா நடக்கவில்லை. சம்பலுக்கு நானே நின்றேன். அதே மாசி, அதே வெங்காயம், அதே சட்டி. ஒருநாள் கசந்தது, ஒருநாள் எண்ணெயில் மிதந்தது. மொனராகலைக்காரர்கள் முகம் கழுவிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். நான் கடைக்கும் வீட்டுக்கும் இடையில் காரணமில்லாமல் நடக்கத் தொடங்கினேன். வீட்டில் இருந்தால் கடை ஞாபகம், கடையில் இருந்தால் வீடு. உட்கார்ந்தால் கால் ஆடும். மகள் சொன்னாள், "வாப்பா, நீங்க கதிரையில இருக்கிறதே இல்ல."

இரண்டு வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஜித்தாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் அவளுடைய கேசட்டைக் கொண்டுவந்தார். வழக்கம்போல் நான் அதைக் கடையிலேயே போட்டேன், சத்தத்தைக் கூட்டி. மோதினார் பிளேன்டீயோடு இருந்தார். மற்ற மேசைகளில் ஆறேழு பேர்.

அவள் குரல் அடங்கி வந்தது, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

"மகள்ட வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும். போன வெள்ளிக்கிழம இந்த வீட்டாக்கள் கார்ல கூட்டிப் போனாங்க. ஒரு நீட்டுச் சுவர். டிரைவர் சொன்னான், இதுதான் ஹவ்வா உம்மாவ அடக்கின கபுர் இருக்கிற எடம்னு. பொம்பிளைக்கு உள்ள போக ஏலாதாம். நான் சுவரத்தான் பாத்தேன். அவங்களும் என்னப் போலத்தானே, பாஷை தெரியாத ஊர்ல தனியா வந்து விழுந்தவங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நான் சொல்லிவந்த கதைக்கு அவளே சாட்சி சொல்கிறாளே என்று சுற்றிப் பார்த்துத் தலையாட்டினேன்.

"நீங்க கடையில இந்தக் கதையச் சொல்லிச் சிரிக்கிறதா வந்தவங்க சொன்னாங்க. மிச்சக் கதையையும் சொல்லுங்க. ஆதம் நபி மலையில உக்காந்து இருக்கல்ல. நடந்தாங்க. அவங்க கால் பட்ட எடமெல்லாம் ஊராச்சு. ஹவ்வா உம்மாவத் தேடித்தான் நடந்தாங்க. நீங்க கடை வாசப்படிய விட்டு எறங்கல்ல."

நான் பொத்தானுக்குப் பாய்ந்தேன். அவசரத்தில் நிறுத்துகிறதை விட்டு வேறொன்றைத் திருகினேன். சத்தம் இன்னும் கூடியது.

"ஒங்கட கேசட் எல்லாம் கேட்டேன். அது என்னோட பேசுறதில்ல, கடையோட பேசுறது. எல்லாம் நல்லா நடக்குது, ஒரு குறையும் இல்லங்கிறீங்க. அப்ப நான் வந்து என்னத்துக்கு? இவங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்கிறாங்க. ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வைக்கணும். நீங்க போன்னு சொன்னீங்க, வந்தேன். வான்னு ஒரு தரமும் சொல்லல்ல."

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். ரொட்டி பாஸ் மாவைக் கையில் வைத்தபடியே நின்றார். மூலை மேசையிலிருந்து ஒருவன், "முதலாளி, ஜித்தாவுக்கு நடந்தா எத்தனை நாளாகும்?" என்றான். சிரிப்பு கிளம்பியது. நான் ரேடியோவின் வயரையே பிடுங்கினேன்.

"எனக்கென்ன," என்றேன், ஒருவரையும் பார்க்காமல். "இருக்கிறதுன்னா இருக்கட்டும். சம்பல் எப்பிடிச் செய்றதுன்னு மட்டும் கேட்டு அனுப்புறேன். அது தெரிஞ்சா எனக்கு யாரும் தேவையில்ல."

ரொட்டி பாஸ் மாவைப் பலகையில் அறைந்தார். "முதலாளி, ஒங்க வேதத்து ஆதம் தப்பு செஞ்சதும் என்னா செஞ்சாருங்க?"

"பொண்டாட்டியும் புருஷனும் சேர்ந்து, தப்பு எங்க மேலதான்னு ஒப்புக்கொண்டு அழுதாங்க," என்று எனக்குப் பதிலாக மோதினார் சொன்னார்.

"பாத்தீங்களா? எங்க வேதத்து ஆதாம், கடவுள் கேட்டதும் பொண்டாட்டியக் கையக் காட்டிட்டாரு. பழத்தக் குடுத்தது அவதான்னு! நீங்க தொப்பி மட்டும் போட்டிருக்கீங்க. பேச்சு எங்க ஆளு பேச்சு!"

கடை முழுக்கச் சிரித்தது. மோதினாரும்கூட. "வேலையப் பாருங்க!" என்று கத்தினேன். மோதினார் எழுந்து, போகிற போக்கில் என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "நான் ஆதமை விட மேல்னு நின்னது ஷைத்தான் இப்லீஸ்தான் தம்பி. ஆதம் நபி அப்பிடி நிக்கல்ல."

அன்றைக்கு ஞாயிறு. பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் ஹஜ்ஜுக்குப் போக வியாழக்கிழமை காலையில் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஜித்தாவில் இறங்கித்தான் போவார். அவர் கையில் கேசட் போனால் அவள் கையெழுத்து வைக்கும் முன் சேரும். அவரை விட்டால் வேறு ஆளில்லை.

திங்கட்கிழமை வீட்டில் கேசட்டில் பேசப் பார்த்தேன். மகள் ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கம். "நான் நல்லா இருக்கேன்," என்று தொடங்கினேன். தாத்தா, "மெலிஞ்சிட்டேன்னு சொல்லு," என்றாள். நிறுத்தினேன். பேட்டரி போட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு, ஆளில்லாத இடம் தேடி வெளியே போனேன். பாலத்தடியில் உடுப்புக் கழுவுகிற ஆட்கள். பள்ளிவாசல் பின்பக்கம் மோதினார்.

செவ்வாய்க்கிழமை ஹப்புத்தளைக்கு பஸ் ஏறினேன். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து பாவா ஆதம் மலை தெரியும் என்று சிலர் சொல்வார்கள், தெரியாது என்று சிலர். அந்த மலையைப் பார்த்தாலாவது வாயில் நல்ல வார்த்தை வரும் என்று ஒரு நினைப்பு. போனால் முன்னால் நிற்கிற ஆளே தெரியவில்லை, அவ்வளவு மேகம். மேகத்துக்குள் நின்று பொத்தானை அழுத்தினேன். திருப்பிப் போட்டுக் கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது: "நான் இப்ப ஹப்புத்தளையில நிக்கிறேன். டிரைவர் நம்மட ஆள், முன் சீட்டுத்தான் தந்தான்..." வாய்க்குப் பழகிப் போச்சு. பாடு என்றாலும் அழு என்றாலும் அது தன்னைத்தான் சொல்லும்.

கீழே இறங்கி வரும்போது நாளை எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள்தான் பாக்கி.

புதன்கிழமை காலையில் ரொட்டி பாஸ் அடுப்பு மூட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முதலாளி, ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்கு அனுப்புற ஒப்பந்தத்துல, என் பொண்டாட்டி பேரு அவங்க அப்பா பேரோட இந்தியாவுக்கு எழுதியிருந்திச்சு. என் பேரு இங்க. இந்தியக் கப்பலுக்கு அவ தலைமன்னார் ரயில் ஏறின அன்னிக்கு, 'நீ போ, நான் பின்னால வந்துர்றேன், எனக்கு ஒரு குறையும் வராது'ன்னு சொன்னேன். போகாதன்னு சொல்ல வாய் வரல்லீங்க. ஏழு வருஷமாச்சு. அவங்க வீட்டுல அவளுக்கு வேற கல்யாணம் முடிச்சி வச்சிட்டாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ரேடியோவத் தூக்குங்க. எங்க லயத்துக்குப் போவோம். இந்நேரம் எல்லாரும் மலையில கொழுந்து எடுப்பாங்க, ஒரு ஆளு இருக்காது."

தள்ளுவண்டிக் காலத்திலிருந்து, பெருநாள் தவிர, நான் கடை மூடியதே இல்லை. அதுவும் என் பெருமைகளில் ஒன்று. அன்றைக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். பக்கத்துக் கடைக்காரன் ஓடிவந்து, "யாரு மவுத்து?" என்று சாவு விசாரிக்கிற மாதிரிக் கேட்டான்.

தெமோதரையில் அவருடைய காம்பரா லயத்தின் கடைசி அறை. உண்மையாகவே ஒருவரும் இல்லை. கோழிகள் மட்டும் மேய்ந்தன. வாசலுக்கு எதிரே பாறையில் மூங்கிலைச் செருகி விட்ட பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ரொட்டி பாஸ் என்னைப் படியில் உட்காரவைத்துவிட்டுத் தேயிலைக்குள் போய்விட்டார்.

பொத்தானை அழுத்தினேன். கேட்க ஆளில்லாத இடத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினேன். பிறகு சொன்னேன்:

"கடை நடக்கல்ல. சம்பல் எனக்கு வரல்ல. சம்பல் மட்டுமில்ல. அந்தக் கடைய நான் தனியாக் கட்டல்ல. கை ஒன்டது. நான் எல்லாருக்கும் பொய் சொன்னேன். போன்னு சொன்னது தப்பு. என்ட தப்பு, ஒன்டது இல்ல. வீடு நான் கட்டியிருக்கணும். நீ வா. கையெழுத்து வைக்காத. வா."

அவ்வளவுதான். வேறு வார்த்தை வரவில்லை. கேசட்டில் அந்தப் பக்கம் கொஞ்சம்தான் ஓடியிருந்தது. அழித்துவிட்டு இன்னும் நல்லாப் பேசலாமா என்று கை போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். வெறுமையாக அனுப்ப மனம் வராமல், மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, பொத்தானை அழுத்தி, ரேடியோவைப் படியில் வைத்துவிட்டு எட்டப் போய் நின்றேன். பீலியும் கோழியும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று.

அன்று பின்நேரமே பண்டாரவளைக்குப் போய் அந்தப் பெரியவர் கையில் கேசட்டைக் கொடுத்தேன். அவளுடைய விலாசம் எழுதிய துண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். "என்ன பேசியிருக்கே?" என்று கேட்டார். "வியாபார விஷயம்," என்றேன். பாருங்கள், அப்போதும்!

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. அந்த நாட்கள் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வராது. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் மேசை துடைக்கிற துணியோடு தெருவுக்கு ஓடுவேன். அவன் கடந்து போனபிறகு எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமல் நிற்பேன். மோதினார் என்னைப் பார்த்தும் கேட்கவில்லை. ரொட்டி பாஸும் வாயைக் கட்டியிருந்தார், அது அவருக்குப் பெரிய கஷ்டம். ஆதம் நபி கதையை நான் கடையில் எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு தந்தி வந்தது. மகள் வாசித்தாள். கட்டுநாயக்காவுக்கு வருகிற நாளும் நேரமும், வேறு ஒன்றுமில்லை.

விமான நிலையத்தில் இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் கறுத்து, கொஞ்சம் குனிந்து, இரண்டு பெட்டியோடு வந்தாள். இரண்டு வருஷம் காணாத முகம். என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"நடந்தா வந்தீங்க?"

"ரயில்ல."

"பரவாயில்ல. எறங்கி வந்தீங்களே."

கொழும்பிலிருந்து பகல் முழுதும் ரயில். கேசட் கிடைத்ததா என்று கேட்க நாக்கு நுனியில் நின்றது. கேட்கவில்லை. அவள் மகளைப் பற்றிக் கேட்டாள், தாத்தாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டாள். பண்டாரவளை தாண்டிச்சு, எல்ல தாண்டிச்சு. தெமோதரையில் ரயில் நின்றது. அவள் எழுந்து ஒரு பெட்டியைத் தூக்கினாள்.

"இது பதுளை இல்ல," என்றேன்.

"தெரியும். அந்தத் தண்ணிச் சத்தம் எங்க?"

எனக்கு விளங்கவில்லை.

"கேசட்ல மத்தப் பக்கம் கேட்டிச்சே. தண்ணி கொட்டுற சத்தம், கோழிச் சத்தம். ஒரு ரயிலும் போச்சு. அந்த வீட்டு டிரைவர் ரயில் சத்தத்த வச்சுச் சொன்னான், இது தெமோதரை மாதிரி இருக்குன்னு. அவன் எல்லப் பக்கத்து ஆள்." இறங்கிவிட்டாள். "நீங்க பேசின பக்கத்த ரெண்டு தரம் கேட்டேன். மத்தத நாடா தேயிற வரைக்கும் கேட்டேன். அந்த ஊர்ல அப்பிடித் தண்ணி கொட்டாது."

ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது. என் பேச்சுத்தான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று பிறகு பஜாரில் எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். அவள் பக்கத்தில் இருந்தால் மட்டும் சொல்ல மாட்டேன்.

பெட்டி ஒன்றைத் தலையிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டேன். அவள் முன்னால் நடந்தாள், வழி தெரியாமலே. நான் பின்னாலிருந்து, "எடது பக்கம்... இப்ப கீழ எறங்கு... கல்லுப் படி, பாத்து," என்று சொல்லிக்கொண்டு போனேன். பின்நேரக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பொம்பிளைகள் எங்களையும் பெட்டியையும் ஏதோ புது ஊருக்கு வந்த ஆட்களைப் போலப் பார்த்தார்கள். லயத்துக்கு வர அரை மணித்தியாலம் பிடித்தது. அவள் பீலிக்குக் கீழே இரண்டு கையையும் நீட்டி முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். நான் பெட்டியை இறக்காமல் நின்றேன்.